பிள்ளை யாருக்குச் சொந்தம்?

மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு 2015-ல் ஒரு பொதுநல வழக்கு வந்தது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களைக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைக் காட்டி அதிகாரிகள் நிறுத்துகிறார்கள். எங்களுக்கு 1937-ம் வருடத்து ஷரீஅத் சட்டம் இருக்கிறது. பருவம் அடைந்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்யலாம் என்று எங்கள் மார்க்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே அதிகாரிகள் தலையிடக் கூடாது என்று உத்தரவு போடுங்கள் என்பது கோரிக்கை. நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெண் பிள்ளைகள் படித்து முன்னேறுவதற்காக வந்த சட்டம் இது, ஷரீஅத் சட்டத்துக்கு எதிரானது இல்லை, எல்லோருக்கும் பொது என்று தீர்ப்பு.

செய்தித்தாளில் பார்த்தால் நாலு வரி. ஆனால் அந்த நாலு வரிக்குள் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது பெற்றவர்களின் முடிவா, அரசாங்கத்தின் முடிவா? அதிலும் அந்தப் பெற்றவர்கள் சிறுபான்மை மதத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால், ஜீப்பில் அதிகாரி வந்து வாசலில் நிற்பது பாதுகாப்பா, மிரட்டலா? எங்கள் வகுப்பில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது ஐந்தே நிமிடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். ஒரு கட்சி, "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றது. இன்னொரு கட்சி, "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றது. அதற்குள் மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சட்டம் படிக்கிறவள் இல்லை, பி.காம். குமாரலிங்கபுரத்துக்காரி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் பூமி தெரியும். மழை பெய்தால் பருத்தி, மல்லி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட வேண்டியதுதான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், மில்லு என்று வேலைக்குப் போகிற ஜனம். இந்த ஊரில் ஒரு பெண்ணை எப்போது கட்டிக்கொடுப்பது என்பதை மதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வறட்சி, கடன், சீர், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

எங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு சரி. ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, உனக்கு அப்பக் கல்யாணம் பண்ண இஷ்டமா?" அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னது: "என்னைய யாருடி கேட்டா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வந்துச்சா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர், ஊர் வேண்டாம்.

ஒருத்தி முஸ்லிம் வீட்டுப் பெண். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நிக்காஹ் பேசினார்கள். யாரோ தகவல் கொடுக்க, அதிகாரிகள் போலீஸோடு வந்து நிறுத்தினார்கள். அவளுடைய அத்தா எழுதிக் கொடுத்தார். அவளைச் சில நாள் காப்பகத்தில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு அவள் பதினோராம் வகுப்புக்கு வரவேயில்லை. வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. கல்யாணம் நின்றது, படிப்பும் நின்றது.

இன்னொருத்தி எங்கள் பக்கத்து இந்து வீட்டுப் பெண். பதினேழு வயதில் கல்யாணம். பத்திரிகை அடித்து, மைக் செட் கட்டி, ஊரே சாப்பிட்டது. மொய் எழுதியவர்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு. யாரும் போன் போடவில்லை. ஜீப் வரவில்லை.

இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றுதான். ஒருத்தி வீட்டுக்கு அது வந்த விதம் சரியில்லை. இன்னொருத்தி வீட்டுக்கு அது வரவேயில்லை. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்கிற கட்சியில் என்னால் நிம்மதியாகப் போய் உட்கார முடியாததற்கு இதுதான் காரணம். அதற்காக, "வீட்டு விஷயம், அரசாங்கம் தலையிடாதே" என்கிற கட்சியிலும் உட்கார முடியவில்லை. அம்மா சொன்ன வரி காதில் நிற்கிறதே!

சரி, கொஞ்சம் வரலாறு பார்ப்போம். குழந்தைத் திருமணம் என்றதும் இப்போது பலருக்கும் ஏதோ ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பிரச்சினை மாதிரித் தோன்றுகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் கதை வேறு. 1891-ல் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தி ஆங்கிலேய அரசு சட்டம் போட்டபோது, இந்து மதத்தில் அந்நியர் தலையிடுவதா என்று கடுமையாக எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர். 1929-ல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. மத்திய சட்டசபையில் அதை எதிர்த்துப் பேசியவர்களில் நம் சென்னை மாகாணத்து எம்.கே. ஆச்சார்யாவும் உண்டு. முஸ்லிம் உலமாக்கள் பலரும் எதிர்த்தார்கள், ஜின்னா ஆதரித்தார். இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வயதை உயர்த்தச் சொல்லிப் போராடினார். அதே 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணின் திருமண வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆக, "எங்கள் மதம், எங்கள் பிள்ளை, அரசாங்கமே வெளியே போ" என்ற கோஷத்தை எல்லா மதத்துக்காரர்களும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறார்கள்.

சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறியது, 1930 ஏப்ரல் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் பலர் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தார்கள்! ஜனங்களின் மனதைத் தொடாமல் காகிதத்தில் மட்டும் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பிறகு 1949-ல் பெண்ணின் வயது 15 ஆனது. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதற்கடுத்து 2006-ம் வருடத்துச் சட்டம், 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அப்படியென்றால் அரசாங்கம் தலையிடுவது எப்போதும் நல்லதுதானா? கிடையாது. நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

கேரளாவில் கோட்டயம் மாவட்டம், கிடங்கூர். அங்கே ஒரு பள்ளியில் பிஜோ, பினு மோள், பிந்து என்று மூன்று பிள்ளைகள் படித்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவு அவர்களுடையது. கடவுளைத் தவிர வேறு எதற்கும் வணக்கப் பாட்டுப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. காலையில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்துச் சட்டசபையில் கிளப்பினார். விசாரணைக் குழு வந்து, பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே சொன்னது. இருந்தும் 1985 ஜூலையில் மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். கடைசியில் 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, நீக்கியது செல்லாது என்றது. அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை உண்மையாக நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே அரசாங்கம் தலையிட்டதால் யாருக்கு என்ன லாபம்? அந்தப் பிள்ளைகள் பாடாமல் நின்றதால் அவர்களுக்கும் கெடுதல் இல்லை, பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் வந்தது பள்ளியை விட்டு நீக்கியதால். அரசாங்கமே கெடுதலாக மாறிய இடம் இது.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று. 2016 அக்டோபரில் ஐதராபாத்தில் 13 வயது ஜெயின் சிறுமி ஒருத்தி 68 நாள் உபவாசம் இருந்து இறந்துபோனாள். ஜெயின் சமூகத்தில் உபவாசம் பெரிய புண்ணியம். அவள் விரும்பித்தான் இருந்தாள் என்று வீட்டார் சொன்னார்கள். போலீஸ் பெற்றோர் மேல் வழக்குப் பதிந்தது. சிறுபான்மை மத நம்பிக்கையில் தலையிடாதீர்கள் என்று குரல் வந்தது. என் கேள்வி ஒன்றுதான். பதிமூன்று வயதில் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அவளுக்குப் பதினெட்டு வயது வந்ததா? வரவில்லையே.

இதே மாதிரி பெரும்பான்மை வீட்டிலும் நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்டம் பேரையூரில் 2002 ஆகஸ்ட்டில் குழிமாற்றுத் திருவிழா. நேர்த்திக்கடனுக்காகப் பெற்றவர்களே பிள்ளைகளைக் குழியில் கிடத்தி, மேலே மூடி மண் போட்டு, கொஞ்ச நேரத்தில் எடுப்பார்கள். படம் பத்திரிகைகளில் வந்ததும் நாடே அதிர்ந்தது, தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. பிள்ளை பிழைத்ததற்குச் செய்கிற நேர்த்திக்கடன் அது. பெற்றவர்களுக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? பாசம் இருந்தது, பக்தியும் இருந்தது. ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

பிள்ளையே ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் நின்ற கதைகூட எங்கள் பக்கத்தில் உண்டு. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், 1896-ல் மதுரையில் சித்தப்பா வீட்டிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலை போனார். அண்ணனின் காலேஜ் பீஸுக்குக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். வயது பதினாறு. இரண்டு வருடம் கழித்து அம்மா தேடி வந்து அழுதும் திரும்பவில்லை. பின்னாளில் அவர்தான் ரமண மகரிஷி. இதே இன்று நடந்திருந்தால்? ரயில் நிலையத்திலேயே பிடித்து, குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, அம்மாவோடு அனுப்பியிருப்பார்கள். (திருச்சுழிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) பதினாறு வயதுப் பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு மனசு இருக்கிறது, அது பெற்றவர்களின் மனசும் இல்லை, அரசாங்கத்தின் மனசும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அமெரிக்காவிலும் இந்த விஷயம் ஒரு வழக்கில் வந்தது. அங்கே ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவச் சமூகம். கார், கரண்ட் எதையும் சேர்க்காமல் பழைய முறையில் விவசாயம் செய்து வாழ்பவர்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். விஸ்கான்சின் மாநிலம் அபராதம் போட்டது. 1972-ல் உச்ச நீதிமன்றம் ஆமிஷ் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த அமர்வில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். பெற்றோர் பேசிவிட்டார்கள், மாநிலம் பேசிவிட்டது, அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா? மேலே படிக்க ஆசைப்படுகிற பிள்ளை ஒன்று இருந்தால் அதன் கதி என்ன? எங்கள் அம்மாவும் அந்த நீதிபதியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது, இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவே இருக்கிறது. எத்தனை வீட்டில் கேட்கிறோம்? எத்தனை அதிகாரி கேட்கிறார்?

அரசாங்கம் மொத்தமாகக் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். 2008 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தில் எல்டொராடோ என்ற ஊருக்குப் பக்கத்தில், பலதார மணம் செய்கிற ஒரு மதக் குழுவின் பண்ணைக்குள் போலீஸ் நுழைந்தது. உள்ளிருந்து ஒரு சிறுமி உதவி கேட்டதாக வந்த போன்தான் காரணம். நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தைகூட அதில் உண்டு. பிறகு பார்த்தால் போன் போலி. அத்தனை குழந்தைக்கும் உடனடி ஆபத்து என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி, மே மாதம் முடிவதற்குள் அந்த மாநில உச்ச நீதிமன்றமே குழந்தைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆனால் அங்கே குற்றமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் குழுவின் தலைவர் வாரன் ஜெஃப்ஸுக்குச் சிறுமிகளிடம் செய்த குற்றத்துக்காக 2011-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. குற்றவாளியை ஆதாரத்தோடு பிடித்தது சரி. ஒரு சமூகத்தின் எல்லாக் குழந்தைகளையும் வாரிக்கொண்டு போனது தப்பு.

இங்கே, அசாமில் 2023 பிப்ரவரியில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராக என்று சொல்லிச் சில நாட்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். பல வருடம் முன்னால் நடந்த கல்யாணத்துக்கும் சேர்த்து! குழந்தையோடு நின்ற மனைவிகள் போலீஸ் நிலைய வாசலில் அழுதார்கள். கர்ப்பமான பெண்கள் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதாகவும் செய்தி வந்தது. இது முஸ்லிம்களைக் குறிவைத்த நடவடிக்கை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மக்களின் குடும்ப வாழ்க்கையையே இது குலைத்துவிட்டது என்று குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொன்னது. யாரைக் காப்பாற்ற சட்டமோ, அந்தப் பெண்தான் தெருவில் நின்றாள்.

சரி, தப்பான உதாரணமே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? அரசாங்கம் சரியாகச் செய்ததும் உண்டு. போலியோ. 2002-ல் இந்தியாவில் 1,600 பேருக்குப் போலியோ, அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அங்கே முஸ்லிம்கள் அதிகம் வாழும் பல பகுதிகளில் சொட்டு மருந்தை மறுத்தார்கள். பிள்ளைகளுக்கு மலட்டுத்தன்மை வரும், நம் எண்ணிக்கையைக் குறைக்கச் செய்கிற சதி என்று வதந்தி. வேறு எந்த வசதிக்கும் எட்டிப் பார்க்காத அரசாங்கம் சொட்டு மருந்துக்கு மட்டும் வீடு தேடி வந்தால் சந்தேகம் வராதா? அரசாங்கமும் யுனிசெஃபும் அந்தந்தத் தெருப் பெண்களையே பிடித்தார்கள். இமாம்கள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் சேர்ந்துகொண்டன. கடைசி நோயாளி 2011 ஜனவரி 13-ல். 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று. யாருடைய மதத்தையும் விடச் சொல்லவில்லை, யாரையும் ஜெயிலில் போட்டுச் சாதிக்கவுமில்லை. நம்பிக்கை உள்ள ஆள் வந்து சொன்னார், கதவு திறந்தது.

இலங்கையில் இன்னொரு பாடம். அங்கே பொதுச் சட்டத்தில் திருமண வயதை 1995-ல் 18 ஆக்கினார்கள். முஸ்லிம்களுக்கு மட்டும் 1951-ம் ஆண்டு விவாக விவாகரத்துச் சட்டம் தனியாக நின்றது. அதில் குறைந்தபட்ச வயதே கிடையாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். இதை மாற்றச் சொல்லிப் போராடியவர்கள் யார்? புத்தளம் போன்ற ஊர்களின் முஸ்லிம் பெண்களே. நம் மொழி பேசுகிற பெண்கள். 2009-ல் நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது 2018-ல். ஒன்பது வருடம்! "எங்கள் சமூகத்தில் தலையிடாதே" என்று சொல்கிற குரல் எப்போதும் பெரியவர்களின் குரல், ஆண்களின் குரல். "எங்கள் சமூகம்" என்பதில் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

இத்தனையும் படித்த பிறகு, ஒரு வீட்டு வாசலில் அரசாங்கம் நிற்கலாமா என்று பார்க்க எனக்கு மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது.

முதல் கேள்வி: பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனபிறகு, இதைத் தானே மாற்றிக்கொள்ள முடியுமா? தேசிய கீதம் பாடாத பிள்ளை பெரியவளானால் பாடிக்கொள்ளலாம். தொழுகை, விரதம், ஓதப்போவது, ஞாயிறு பள்ளி, மொட்டை, காதுகுத்து எல்லாம் பெற்றவர்கள் பாடு, அதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை. ஆனால் போன உயிரும், போலியோவில் போன காலும், பதினாறு வயதில் சுமந்த பிள்ளையும் திரும்பி வராது. சட்டப்படி, சின்ன வயதில் நடந்த கல்யாணத்தை, பதினெட்டு ஆனபிறகு இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்கலாம்தான். கையில் குழந்தையோடு, பஸ் காசுக்கும் மாமியாரிடம் நிற்கிற பெண் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்?

இரண்டாவது: பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்களா? பெற்றவர்களும் கேட்க வேண்டும், ஜீப்பில் வந்தவர்களும் கேட்க வேண்டும்.

மூன்றாவது: இதே காரியம் பெரும்பான்மை வீட்டில் நடந்தால் இதே அதிகாரி இதே வேகத்தில் வருவாரா? வருவார் என்றால் அது சட்டம். வரமாட்டார் என்றால் அதற்குப் பெயர் வேறு.

இந்த மூன்றாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். இந்தியா முழுக்கப் பார்த்தால் 23.3 சதவீதம். நம் மாநிலத்தில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருத்தி. இது ஒரு மதத்தின் கணக்காக இருக்க முடியாது. எங்கள் ஊர் மைக் செட் கல்யாணங்களும் சேர்ந்த கணக்கு. சிறுபான்மை வீட்டுக்கு மட்டும் போன் போகிறது என்றால், அந்தச் சமூகம் சட்டத்தைப் பெண்ணுக்கான பாதுகாப்பாகப் பார்க்காது, தன் மேல் வந்த தாக்குதலாகத்தான் பார்க்கும். பெண்ணை இன்னும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும். என் தோழி விஷயத்தில் நடந்தது அதுதான்.

உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18-ல் குழந்தைத் திருமணம் பற்றி நீளமான தீர்ப்பு ஒன்று கொடுத்தது. வழக்குப் போடுவதிலேயே குறியாக இருக்காதீர்கள், வருமுன் தடுப்பதைப் பாருங்கள் என்று அதில் சொன்னது. ஆனால் இந்தச் சட்டம் பெரிதா, மதத் தனிச்சட்டம் பெரிதா என்ற கேள்விக்கு முடிவு சொல்லாமல், மசோதா நாடாளுமன்றத்தில் இருக்கிறது என்று விட்டுவிட்டது. மதுரைக் கிளை 2015-ல் ஒரு மாதிரி சொன்னது, பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 2022-ல் பதினாறு வயது முஸ்லிம் பெண்ணின் திருமணம் செல்லும் என்று வேறு மாதிரி சொன்னது. இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்வது நீதிபதிகள் இல்லை, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

வருமுன் தடுப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண்ணுக்குப் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. "பத்தாவது முடிக்கட்டும், கவர்மெண்டுப் பணம் வரும்" என்று எத்தனை வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன்! 2022 செப்டம்பரில் அதையே புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். இதில் மதம் கிடையாது, ஜீப் கிடையாது. அவமானப்பட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் பெண்ணை இன்னும் மூன்று வருடம் படிக்க வைக்கலாமே என்று அப்பா யோசிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

எங்கள் தோழிக்கும் அது மாதிரி ஒன்று முன்கூட்டியே கிடைத்திருக்கலாம். கல்யாணப் பேச்சு எழும்போதே அவளுக்குப் பிடித்த டீச்சர் ஒருவர், ஜமாஅத்தில் மரியாதையுள்ள ஒரு பெரியவர், படித்து வேலைக்குப் போன அவர்கள் தெருப் பெண் ஒருத்தி, மூன்று பேரும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அதற்கும் கேட்காவிட்டால், ஆமாம், 1098-க்குப் போன் போட வேண்டியதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவே கூடி வேடிக்கை பார்க்காதபடி வந்து, அவளைக் கேட்டு, அதன்பிறகு அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று அடுத்த மாதமும் வந்து பார்க்கிற அதிகாரி வேண்டும். அதே அதிகாரி மைக் செட் கட்டிய வீட்டுக்கும் வர வேண்டும்.

பெற்றவர்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சாமி கும்பிடக் கற்றுக்கொடுப்பது, தொழச் சொல்லிக்கொடுப்பது, தங்கள் பாஷையை, தங்கள் பழக்கத்தைக் கொடுப்பது எல்லாம் அவர்கள் உரிமை. அதிலும் சிறுபான்மைச் சமூகத்துக்கு அந்த உரிமை போனால் எல்லாமே போச்சு. ஆனால் அந்த உரிமை, பிள்ளை பெரிதாகும்வரை பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த பொருள் மாதிரி. அடகு வைக்கக் கூடாது, விற்கவும் கூடாது. பிள்ளை தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் நாள்வரை காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் வேலையும் அவ்வளவுதான், அந்த நாள் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: பிள்ளை பிள்ளைக்குத்தான் சொந்தம். வகுப்பில் அன்று மறுபக்கம் நின்றவர்களுக்கும், இதைப் படிக்கிற முகம் தெரியாதவர்களுக்கும் வேறு பதில் இருந்தால் சொல்லுங்கள், சண்டையைத் தொடரலாம். சொல்வதற்கு முன்னால், உங்கள் வீட்டில் சின்ன வயதில் கல்யாணமான ஒரு அம்மாவோ அத்தையோ அப்பத்தாவோ நன்னியோ இருந்தால், அவர்களிடம் கல்யாணத்துக்கு முன் யாராவது கேட்டார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.